சிப்பித்துறைக்குக் கூப்பாடு வந்த வருஷம்

கஸ்பார் அந்தப் பிள்ளைக்குக் காது வரைந்த அன்றைக்குத்தான் சிப்பித்துறையில் கூப்பாடு தொடங்கியது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு, அட போங்கய்யா, வள்ளத்துக்குப் பேர் எழுதுகிற மனுசன் ஒரு காதை வரைந்ததற்கா வானம் வாயைத் திறக்கும் என்று கேட்கிறவர்களும் உண்டு, இரண்டு கட்சியும் சுடலைமுத்து டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைப் பேசுகின்றன, நமக்கு எதற்கு அந்த வம்பு. காது வரைந்ததும் சனிக்கிழமை, கூப்பாடு வந்ததும் சனிக்கிழமை. அதுவரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும்.

அந்தப் பிள்ளை நிஜப் பிள்ளை இல்லை, புத்தகத்துப் பிள்ளை. பங்குச் சாமியார் பெர்க்மான்ஸ், குள்ளமான, ஓட்டமும் நடையுமாகவே திரிகிற மனிதர், இந்த ஊரிலிருந்து ஒரு பையன்கூட குருமடத்துக்குப் போகவில்லையே, ஒரு பெண்கூட கன்னியர் மடத்தை எட்டிப் பார்க்கவில்லையே என்று ஆயர் முன்னால் தலையைச் சொறிந்து நின்று அலுத்துப்போனவர், தேவ அழைத்தல் என்றால் என்னவென்று சின்னஞ்சிறுசுகளுக்கு விளங்குகிற மாதிரி ஒரு படக்கதைப் புத்தகம் போட்டுவிடுவது, மாதா திருவிழாக் கொடியேற்றத்தன்று அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவுகட்டி, படம் போட கஸ்பாரையும் கதை எழுத பெலிசிட்டாவையும் பிடித்தார். ஊர் சும்மா இருக்குமா? மடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவளா அழைத்தலைப் பற்றி எழுதுவது என்று கேட்டது. அதையேதான் பெலிசிட்டாவும் கேட்டாள்.

"என்னையப் போயி எழுதச் சொல்லுறியளே ஃபாதர். எனக்கு அழைத்தலே வரலன்னுதான மடத்துல திருப்பி அனுப்புனாவ?"

"வந்தவங்களை எழுதச் சொன்னா பிரசங்கமா எழுதிருவாங்கம்மா. பிள்ளைக தூங்கிரும்."

பெலிசிட்டா மடத்துக்குப் போன கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அந்தக் கரையில் ஒரு பழக்கம். ஆள் கண்ணில் படாமல் குரல் மட்டும் வந்து உங்களைக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு ஏன் என்று கேட்கக்கூடாது, இரண்டாவதுக்கும் கேட்கக்கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும், ஏனென்றால் கடலோடு போனவர்கள், கரை கிடைக்காமல் அலைகிறவர்கள், அவர்களும் ஆசைப்பட்டுக் கூப்பிடுவார்கள், ஏன் என்று கேட்டவருக்குக் காய்ச்சல் கண்டுவிடும், ஆனால் இரண்டு தடவைக்குமேல் கூப்பிட அவர்களிடம் மூச்சு கிடையாது, மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் அது உசிருள்ள ஆள், அப்போது தாராளமாக வாயைத் திறக்கலாம். நடை பழகுகிற பிள்ளைக்கே அங்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பெலிசிட்டா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பா சலேத்துவின் வள்ளம் காற்றில் மாட்டி, மற்ற வள்ளமெல்லாம் கரைக்கு வந்தும் அது வராமல், பொழுது மயங்குகிற நேரத்தில் கடல்மேல் பனி வேறு மூடிக்கொள்ள, அவள் அம்மா ஜெனோவா இடுப்பில் பிள்ளையோடு ஈர மணலில் போய் நின்று, புருசன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத பொம்பளை, "எங்க இருக்கிய?" என்று வெள்ளைப் பனியைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை, தொண்டை கிழிய, "எங்க இருக்கிய?" என்றாள். அதற்கும் இல்லை. அப்போதுதான் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி, மாதாவே, அவுகளை எனக்குத் திருப்பித் தா, இவளை ஒனக்குத் தந்துருதேன் என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்த வாயாலேயே மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். "இந்தா வாறேன்!" என்று குரல் வந்தது பாருங்கள், ஒரு கல்லெறி தூரத்திலிருந்து! அந்த மனுசன் அவ்வளவு நேரமும் அங்கேயேதான், பனிக்குள்ளே, பெண்டாட்டி குரல் கேட்டும், சொல்லிக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"மொதக் கூப்பாட்டுக்கே வாயத் தொறந்தா என்ன, முத்தா கொட்டிப்போவும்?" என்று ஜெனோவா அவரை ஏசினாள், அவர் பின்னொரு காலத்தில் மஞ்சள் காமாலையில் படுத்துச் சாகும்வரை ஏசினாள். நேர்ந்தது நேர்ந்ததுதானே. பெலிசிட்டா பள்ளிக்கூடம் முடித்ததும் மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒருநாள் மதர் எல்லாப் பெண்களையும் வட்டமாக உட்காரவைத்து, ஆண்டவர் உன்னை எப்போது கூப்பிட்டார், எப்படிக் கூப்பிட்டார் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார், ஒருத்தி செபமாலை சொல்லும்போது என்றாள், ஒருத்தி காய்ச்சலில் கிடந்தபோது என்றாள், பெலிசிட்டா முறை வந்ததும் அவள், "என்னைய யாரும் கூப்பிடல மதர், எங்கம்மா எங்கப்பாவைக் கூப்பிட்டா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மதர் நல்ல மனுசி, திட்டவில்லை, காத்திருந்து பார்ப்போம் என்றார், காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு மழைநாளில் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டார். வந்தவளை அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பெலிசிட்டா பலநாள் நினைத்திருக்கிறாள். கல்யாணப் பேச்சும் வரவில்லை, மாதாவுக்கு நேர்ந்த பெண்ணைக் கட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தாள், மற்ற நாளில் தையல் மிஷின் மிதித்தாள், அப்படியே காதோரம் நரைத்துவிட்டது. ஆனால் மதர் கேட்ட கேள்வி மட்டும் அவளுக்குள் ஆறாமல் கிடந்தது. ஒரே ஒரு தடவை, போகிற போக்கில், ஏட்டி பெலிசி என்றாவது கூப்பிட்டிருக்கக்கூடாதா என்று சட்டைக்குக் காஜா எடுக்கும்போதெல்லாம் ஏங்கினாள்.

அவள் எழுதிய கதை இதுதான். கடற்கரையில் ஒரு சின்னப் பெண், யாரோ தன்னைக் கூப்பிடுவதைக் கேட்கிறாள், நண்டிடம் போய் நீயா கூப்பிட்டாய் என்கிறாள், நான் இல்லை என்கிறது நண்டு, உப்பளத்துக் கொக்கிடம் கேட்கிறாள், கலங்கரை விளக்கத்திடம் கேட்கிறாள், நான் இல்லை நான் இல்லை என்கின்றன எல்லாம். கடைசிப் பக்கத்தில் கூப்பிட்டது யாரென்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் பெலிசிட்டாவுக்கு எழுத வரவில்லை. கேட்காத குரலை எப்படி எழுதுவது? கஸ்பார் அதற்குள் மற்றப் படத்தையெல்லாம் போட்டு முடித்துவிட்டார், வள்ளத்துக்குப் பூசுகிற அதே நீலம், அதே சிவப்பு, காலி இடம் கண்ட பக்கமெல்லாம் மீன். சனிக்கிழமை திருவிழாப் பாட்டுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் படங்களைக் காட்டியபோது டெல்மா என்கிற வாயாடிச் சிறுமி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இந்தப் பிள்ளைக்குக் காதே இல்ல. காது இல்லாம எப்படிக் கேக்கும்?"

பார்த்தால் உண்மைதான். மீனாக வரைந்து வரைந்து பழகிய கை, எல்லாப் பக்கத்திலும் காதை மறந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கஸ்பாருக்கு ரோஷம் வந்துவிட்டது, அங்கேயே தரையில் உட்கார்ந்து, தூரிகையை நனைத்து, முதல் பக்கத்துப் பிள்ளைக்கு நல்ல பெரிய காதாக, அப்பள அளவுக்கு ஒன்று வரைந்தார். "இப்ப கேக்குமா, பாரு" என்றார்.

அன்றைக்கே, வலை பின்னிக்கொண்டிருந்த சில்வேராவைத்தான் அந்தக் குரல் முதலில் கூப்பிட்டது. இடது தோளுக்குப் பின்னால், அதட்டலும் இல்லாமல் கொஞ்சலும் இல்லாமல், பக்கத்து அறையிலிருந்து வீட்டு மனுசர் கூப்பிடுகிற மாதிரி, "சில்வேரா" என்று. திரும்பினால் ஆள் இல்லை. சில்வேரா வாயை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் ஐஸ் கம்பெனியில் இரண்டு பேரை, அப்புறம் தண்ணிக்குழாய் வரிசையில் ஒருத்தியை, ஏலம் கூறிக்கொண்டிருந்தவரைப் பாதி விலையில், பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரைப் பாலத்துக்குமேல் என்று அது ஊரில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டது, ஆளுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான், ஊரும் வழக்கப்படி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த இரண்டு கூப்பாட்டுக்குக் காத்திருந்தது. அது வரவே இல்லை. சிப்பித்துறை அத்தனை அமைதியாக எந்த நாளும் இருந்ததில்லை, எல்லோரும் ஏதோ வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு நடப்பதுபோல நடந்தார்கள்.

அதை உடைத்தது டெல்மாதான். குழாயடியில் குடம் நிறைகிறபோது கூப்பாடு வந்தது, பிள்ளை வழக்கத்தை மறந்து, "என்ன?" என்று கேட்டுவிட்டாள். அவள் அம்மா ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை.

"எதுக்குக் கூப்பிட்டுதாம்ட்டி?"

"அது சொல்லல. ஆனா எழும்பிப் போவணும்போல இருக்கும்மா" என்றாள் டெல்மா. எங்கே போவது என்று தெரியாததால் பக்கத்தில் நின்ற குருட்டுத் தொம்மையின் குடத்தைத் தூக்கி அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகென்ன, ஊர்க்கமிட்டி கூடியது. நம் ஆட்கள் எதையும் கமிட்டி கூட்டாமல் நம்ப மாட்டார்கள். இது கடலோடு போனவர்கள் கூப்பாடாக இருந்தால் பிள்ளைக்கு இந்நேரம் காய்ச்சல் கண்டிருக்க வேண்டும், காணவில்லை, ஆகவே இந்தக் குரலுக்கு மட்டும் மூன்று கூப்பாட்டு வழக்கம் செல்லாது, முதல் தடவையிலேயே ஏன் என்று கேட்டுவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். பேசிக்கொண்டே இருக்கிறவர் நடுவில் எழுந்து "வந்தேன்" என்று போனால் எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்ளக்கூடாது, ஏலத்தின் நடுவே ஆளைக் கூப்பிட்டால் அவர் கேட்ட விலை அப்படியே நிற்கும் என்றும் முடிவானது. டீக்கடை சுடலைமுத்துவுக்குத்தான் குழப்பம், அவர் அய்யனார் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறவர், தயங்கித் தயங்கிச் சாமியாரிடம் வந்தார்.

"சாமி, என்னையும் கூப்பிட்டுட்டு. நான் ஒங்க ஆளு இல்லையே."

"பேரைச் சரியாச் சொல்லிச்சா?"

"சரியாச் சொல்லிச்சு. எங்கய்யா கூப்பிடுற மாதிரி முழுப்பேரா."

"அப்ப உங்களுக்குத்தான்" என்றார் சாமியார்.

குரல் பேரை மட்டும்தான் சொல்லும், காரியத்தைச் சொல்லாது. அதனால் எழுந்து நின்றவர்கள் எல்லாம், வந்தேன் என்று சொல்லிவிட்ட பிறகு சும்மா உட்கார வெட்கப்பட்டு, கண்ணில் பட்டதைச் செய்தார்கள், ஒருவர் மாதா கெபிக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த சாக்கடையைக் குத்திவிட்டார், மதில் சண்டையில் பேச்சு முறிந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே காலையில் கூப்பிட, இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்து, நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நகை நட்டைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளைக்குக் கூப்பாடு வந்துவிட்டதா என்று கேட்கத் தொடங்கினார்கள். குருமடத்துக்கு மட்டும் ஒருத்தரும் கிளம்பவில்லை. சாமியார் அதற்காக வருத்தப்படுவதற்குள் அவரையும் கூப்பிட்டது, ஞாயிறு பூசையில், பிரசங்கத்தின் நடுவில், அவர் வந்தேன் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார், கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, அன்றைக்குப் பிரசங்கம் பாதியில் முடிந்ததற்காக ஊரே ஆண்டவருக்கு நன்றி சொன்னது.

பெலிசிட்டாவை மட்டும் கூப்பிடவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஊர் பெரிசு, முறை வரும் என்று இருந்தாள். மிஷின் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று தைப்பதைக் குறைத்தாள், தலைக்குக் குளித்தால் காதில் தண்ணீர் தங்கும் என்று மேலுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள், டெல்மாவைக் கூப்பிட்ட குழாயடியில் வேலையில்லாமல் போய் நின்றாள், சில்வேரா வலை பின்னிய பூவரச மர நிழலில் உட்கார்ந்து பார்த்தாள். காற்று வந்தது, காக்கை வந்தது, தகரக் கூரை படபடத்தது. ஊர்ப் பெண்கள் அவளைக் கண்டால் கூப்பாட்டுப் பேச்சை நிறுத்தி மீன் விலையைப் பேசினார்கள், பிள்ளை இல்லாதவள் முன்னால் தொட்டில் பேச்சை நிறுத்துகிற மாதிரி. அந்த இரக்கம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அச்சகத்திலிருந்து ஆள் வந்துபோய்விட்டான், கொடியேற்றம் நெருங்கிவிட்டது, கடைசிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனாள்.

"வேற யார்ட்டயாவது குடுத்துருங்க ஃபாதர். ஊருல எல்லாரும் கேட்டுட்டாவ, அவிய எழுதட்டும்."

சாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்து பேசுகிற ஆளே இல்லை. "ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிராத. பிரசங்கத்துல அன்னைக்குக் கேட்டேனே, அதான் எனக்கு முதல் தடவை. குருமடத்துல சேரும்போது கேட்டாங்க, கூப்பிட்டாரான்னு. கூப்பிட்டார்னு சொல்லிட்டேன். பக்கத்துல நின்னவன் சொன்னான், நானும் சொல்லிட்டேன். இத்தனை வருஷமும் கூப்பிடாமலே போய் நின்னவன்தான் நான்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் பெலிசிட்டாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பொய் சொன்னவர் குருமடத்தில் இருந்தார், அவரையும் கடைசியில் கூப்பிட்டாயிற்று. உண்மையைச் சொன்ன தன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், இன்னும் கூப்பிடவில்லை. இதென்ன நியாயம்? தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்த கை அந்தரத்தில் நின்றது. ஜெனோவா இடது தோள் பக்கம் லேசாகத் திரும்பினாள், மகள் வாசலில் நிற்பது தெரியாமல், "வந்தேன்" என்று முணுமுணுத்துவிட்டு எழப்போனாள், அப்புறம்தான் பார்த்தாள்.

"இல்ல, சும்மா கால் மரத்துட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"பொய் சொல்லாதிய. ஒங்களையும் கூப்பிட்டாச்சு."

ஜெனோவா முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னைய ஏம்மா கூப்பிட மாட்டேங்குது?" பெலிசிட்டா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். "நீங்க என்னைய மாதாவுக்குக் குடுத்திய. அவிய எடுக்கல. அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா நான் யாருக்கு உள்ளவ? சொல்லுங்க, யாருக்கு உள்ளவ?"

இத்தனை வருஷமாகக் கேட்காத அம்மா அன்றைக்கு அழுதாள். "எனக்கு உள்ளவட்டி நீ, எனக்கு உள்ளவ. கைல பிள்ளையோட அந்த மணல்ல நிக்கேன், ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு, சத்தம் இல்ல, என் உசிரு போயிட்டு. ஒங்கப்பா மட்டும் மொதக் கூப்பாட்டுக்கே வாயத் தொறந்திருந்தா ஒன்னைய நேந்திருக்கவே மாட்டேன். பக்கத்துலதான் இருந்திருக்காவ, பாவி மனுசன், பக்கத்துலதான் இருந்திருக்காவ..."

பெலிசிட்டா செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி, கடலைப் பார்த்து நடந்தாள்.

கோவிலில் மூவேளை செபத்துக்கு அந்தி மணி அடித்தது. வள்ளங்களை ஏற்றிப் போட்டுவிட்டு ஆட்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், கஸ்பார் ஒரு வள்ளத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார், கடல்மேல் அந்தப் பருவத்துக்கு இல்லாத பனி இறங்கியிருந்தது, பெலிசிட்டா எல்லோரையும் தாண்டி ஈர மணலில் போய், கரண்டைக்கால் நனைய நின்றாள். செபம் சொல்லலாமா என்று பார்த்தாள், மடத்தில் படித்தது எத்தனையோ இருந்தது, எதுவும் வாயில் வரவில்லை. இந்த வயது வரைக்கும் ஆண்டவரிடம் மன்றாடியிருக்கிறாள், பாடியிருக்கிறாள், பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள், ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறாளா? கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்துவிட்டாள். கையை வாய்க்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, அந்தக் கரையில் புருசனைத் தேடுகிற பெண்கள் கூப்பிடுகிற மாதிரி, அவள் அம்மா கூப்பிட்ட மாதிரி, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"எங்க இருக்கிய?"

மணலில் பேச்சு நின்றது. பதில் இல்லை.

"எங்க இருக்கிய?"

கஸ்பார் தூரிகையைக் கீழே வைத்தார். தெருவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள், சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், ஜெனோவா தவிட்டுக் கையோடு வந்தாள், யாரும் கிட்டே போகவில்லை. அலை வந்தது, போனது. பனி அப்படியே நின்றது. அம்மாவுக்காவது அந்த நேரத்தில் நேர்ந்துகொள்ள ஒரு பிள்ளை இருந்தது, தன் கையில் கொடுக்க என்ன இருக்கிறது, தன்னைத்தான் எப்போதோ கொடுத்தாயிற்றே. திரும்பிவிடுவோம் என்று காலை எடுத்தாள். எடுத்தவளுக்கு அப்பா ஞாபகம் வந்தது, பனிக்குள்ளே, ஒரு கல்லெறி தூரத்தில், தன் பெண்டாட்டி குரலைக் கேட்டுக்கொண்டே, சொல்லிக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ஆண்டவரே, நீரும் எங்க கரை ஆளா என்று நினைத்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"எங்க இருக்கிய?"

"இரு பெலிசி. இந்தா வாறேன்."

கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். இடது தோளுக்குப் பின்னாலிருந்து இல்லை, எதிரே, பனிக்குள்ளிருந்து, ஒரு கல்லெறி தூரத்திலிருந்து, கையில் உள்ள வேலையை முடித்துவிட்டு எழுகிற ஆள் சொல்கிற மாதிரி. எல்லோருக்கும் அது தங்களைக் கூப்பிட்ட அதே குரல் என்று தெரிந்தது. யாரும் சத்தம் போடவில்லை, முழங்கால் போடவில்லை, ஒரு ஆள் வாறேன் என்று சொன்னால் கரையில் நின்று பார்ப்பார்கள் இல்லையா, அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெலிசிட்டா தண்ணீரிலேயே நின்றாள், அவள் அழவும் இல்லை, இரு என்று சொல்லிவிட்டார்களே, இருந்தாள். நன்றாக இருட்டியபின் கஸ்பார்தான் தொட்டு அழைத்துவந்தார்.

அதற்குப் பிறகு சிப்பித்துறையில் யாரையும் கூப்பிடவில்லை. கொடியேற்றத்தன்று புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் கஸ்பார் ஒரு மீன்கூட வரையவில்லை, வெறும் பனி, அதைப் பார்த்துக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நிற்கிற சின்னப் பெண், அவள் தலைக்கு இரண்டு பக்கமும் அந்தப் பெரிய காது, வாயருகே குவித்த கை. கீழே பெலிசிட்டா எழுதியது இரண்டே வார்த்தை, எங்க இருக்கிய. சாமியார் அதற்குமேல் ஒரு வரி அழைத்தல் பற்றிச் சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தார், பெலிசிட்டா வேண்டாம் ஃபாதர் என்றாள், அவரும் சரி என்றார். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பதில் பின்னால் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். இல்லை என்றதும் அவர்களே கையைக் குவித்துக்கொண்டு மூன்று தடவை கத்துகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புப் பக்கம் போனால் காது கிழிந்துவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த அந்தியைப் பற்றி. நனைந்த சேலையோடு பெலிசிட்டா வீட்டுக்கு வந்தபோது ஜெனோவா உலையில் இன்னொரு பிடி அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். சோறு வெந்ததும் பரணில் கிடந்த பழைய தட்டை எடுத்து, புருசன் போன பிறகு எடுக்காத தட்டு அது, சாம்பல் போட்டுத் துலக்கி, சோற்றையும் மீன்குழம்பையும் போட்டு, கடலுக்குப் போன ஆளுக்கு வைக்கிற மாதிரி இன்னொரு தட்டால் மூடி அடுப்பு மேட்டில் வைத்தாள். பெலிசிட்டா அதைப் பார்த்தாள்.

"எப்ப வருவாவளோம்மா."

"வாறேன்னு சொன்ன ஆளு வருவாவ" என்றாள் ஜெனோவா. "நீ சாப்பிடு."

இப்போது ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு தட்டு மூடியிருக்கிறது. சுடலைமுத்து கடையில் ஒரு கிளாஸ் கவிழ்த்து வைத்திருக்கிறது. காலையில் பார்க்கிறபோது சோறு அப்படியே இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றி அம்மாவும் மகளும் பழையதாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, ராத்திரிக்குத் திரும்ப எடுக்கிறார்கள்.